இசையின்பம் மிகுதி பதிவில்தான்: மயிலாப்பூர்ப் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விடுமுறையில் வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மயிலாப்பூர்ப் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இசையின்பம் மிகுதியாகக் கிடைப்பது நேரடிக் கச்சேரியிலா, பதிவு செய்த இசையிலா என்பது தலைப்பு. பதிவு செய்த இசையில்தான் என்று பேச வந்திருக்கிறேன். மார்கழி முழுக்கச் சபா சபாவாக ஏறி இறங்கிய ரசிகர்கள் நிறைந்த அரங்கில் இப்படிப் பேசுவது எளிதில்லை என்று தெரியும். ஆனாலும் இந்தப் பக்கத்தை நானே கேட்டு வாங்கினேன். நம்பித்தான் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று விஷயம் சொன்னார். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கத்தின் அடி நெஞ்சிலேயே விழும், அது எந்த ஸ்பீக்கரிலும் வராது என்றார். வித்வானுடைய கற்பனை பிறக்கும் அதே நொடியில் நாமும் கூடவே இருக்கிறோம் என்றார். அப்புறம், ஆயிரம் பேர் சேர்ந்து ‘ஆஹா’ சொல்லும் சுகம் தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு ஏது என்று கேட்டார். அழகாகப் பேசினார்.

முதலாவதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். பங்குனித் திருவிழாவில் கபாலீசுவரர் கோயில் மாட வீதியில், சுவாமிக்கு முன்னால் நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கும்போது தவிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். நானும் நின்றிருக்கிறேன். அந்த அதிர்வு உடம்புக்குள் போவதைப் போல எந்தப் பதிவும் போகாது. சரி. மற்ற இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். இங்கே இன்பம் இன்பம் என்று பேசுகிறோமே, யாருடைய இன்பம்?

நான் பெரம்பூரில் தமிழாசிரியை. மார்கழி சீசனில் பெரிய வித்வான்கள் பாடுவது மாலை ஆறரைக்கும் ஏழுக்கும். அந்த நேரத்தில் பெரம்பூரிலிருந்து மயிலாப்பூருக்குப் பஸ்ஸில் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தாலும், கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். மதியக் கச்சேரிகள் இலவசம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எதிரணித் தலைவர் சொன்னார். உண்மைதான், நல்ல விஷயமும்கூட. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு நான் வகுப்பில் இருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் வகுப்பில், கடையில், ஆஸ்பத்திரியில், ஓஎம்ஆரில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கச்சேரிக்கு வர முடிகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இரவுச் சவாரிதான் அவருக்கு. சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் ரயில் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் எண்பதுகளின் இளையராஜா பாட்டாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசையில் வயலின்கள் ஏறி வரும் இடத்தில் புல்லாங்குழல் எப்போது நுழையும் என்று கையால் சைகை காட்டுவார். அந்த மனிதர் ஒரு நாளும் எந்த அரங்குக்குள்ளும் போனதில்லை. அவர் அடைகிற இன்பம் நம் முன்வரிசை ரசிகருடைய இன்பத்தைவிட ஒரு பிடி குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கொஞ்சம் பின்னால் போவோம். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை நடக்கும். சென்னையின் இசை வரலாற்றில் அந்த வெள்ளிக்கிழமைகளுக்கு ஒரு தனி இடம் உண்டு. சின்ன அறை, மைக் கிடையாது, மெல்லிய நாதம், ஒருவரும் பேசக் கூடாது. நேரடி இசை என்றால் அதைவிட உயர்ந்த வடிவம் எது? எதிரணி நண்பர்கள் தலையசைக்கிறார்கள். நானும் அசைக்கிறேன். ஆனால் அந்த அறையில் எத்தனை பேர் உட்கார முடியும்? அவர்கள் யார்? பெரிய வித்வான்கள், வக்கீல்கள், அந்த வீட்டுக்குப் பழக்கமானவர்கள். தனம்மாள் 1938-ல் மறைந்தார். 1930-களில் அவர் இசைத்தட்டுக்காக வாசித்தார். சில நிமிடங்கள்தான், இரைச்சல் உண்டு, அந்த அறையின் காற்று அதில் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் அந்த வாசலைத் தாண்ட வழியே இல்லாத ஒரு குடும்பத்தில் பிறந்த நான், பெரம்பூரில் உட்கார்ந்து அந்த விரலைக் கேட்கிறேன். அந்தத் தட்டு என்னிடம் நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை.

இதைச் சும்மா உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. கிராமபோன் கம்பெனி நம் நாட்டுக்குப் பதிவு செய்ய வந்தது 1902-ல். கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி பாடினார். அதற்குச் சில வருடங்களில் தென்னாட்டுக் குரல்களும் தட்டில் ஏறின. அப்படி முதலில் ஏறியவர்களில் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற பெண்கள் முக்கியமானவர்கள். அவர்கள் வந்த தேவதாசி மரபுக் குடும்பங்களின் பெண்களைச் சமூகம் பிறகு மேடையிலிருந்து மெல்ல மெல்ல ஒதுக்கிய கதை இந்த அரங்கில் பலருக்குத் தெரியும். மேடை அவர்களை மறந்தது. தட்டு மறக்கவில்லை. நூறு வருடம் கழித்து ஒரு மாணவி அந்தக் குரலில் பிருகா என்கிற வேகமான சுரச் சுழல் எப்படி உருள்கிறது என்று கேட்டுப் படிக்க முடிகிறதென்றால், அது அரக்கில் கீறிய அந்தக் கோடுகள் செய்த உபகாரம்.

எஸ்.ஜி.கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மைக் இல்லாத நாடக மேடையிலிருந்து கொட்டகையின் கடைசி வரிசைவரை போன குரல். 1933-ல், 27 வயதில் போய்விட்டார். இங்கே இருக்கிற யாரும் அவரை நேரில் கேட்டிருக்க முடியாது. ஆனால் அவர் பாடிய தட்டைப் போட்டால் இன்றைக்கும் அந்தக் குரல் மேலே போய் நிற்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. நேரடி இன்பத்தை மட்டும் நம்பியிருந்தால் கிட்டப்பா நமக்கு ஒரு பெயர்தான். தாத்தா சொல்லக் கேட்ட ஒரு பெயர்.

இப்போது எதிரணியின் இரண்டாவது கருத்து. மனோதர்மம், கற்பனை, பிறக்கும் நொடி. ஐயா, அந்த நொடியைப் பதிவு கொல்வதில்லையே. ஜி.என்.பாலசுப்ரமணியம், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இவர்களெல்லாம் மேடையில் பாடியது, கல்யாணக் கச்சேரியில் பாடியது நமக்கு இன்று கிடைக்கிறதே, எப்படி? ரசிகர்கள் ஸ்பூல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், மேடைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்ததால். அந்த நாடாக்களில் கற்பனை பிறக்கும் அதே நொடி இருக்கிறது. வயலின்காரர் அதைப் பிடிக்கும் நொடியும், கூட்டத்தில் யாரோ ‘பலே’ என்று சொல்வதும்கூட அதிலேயே இருக்கின்றன. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் என்பது அந்தக் காலத்துக் குறை. 1948-ல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்தது, பிறகு கேசட், குறுந்தகடு, இன்று மூன்று மணி நேரக் கச்சேரி அப்படியே கைபேசியில். ராகத்தை வெட்டுகிறார்கள் என்ற புகாருக்கு இப்போது இடமில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகப் பேச வேண்டும். சபாவில் நாம் கேட்பது எவ்வளவு தூரம் நேரடி? ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரும் அரங்கில் பாடகர் மைக்கில் பாடுகிறார். அது மிக்ஸருக்குப் போய், ஆம்ப்ளிஃபையருக்குப் போய், சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் வழியாக நம் காதுக்கு வருகிறது. பின்னால் கேட்கும் சுருதி பல கச்சேரிகளில் மின்னணுப் பெட்டியிலிருந்து வருகிறது. வயலின் மைக்கை ஒருவர் ஏற்றச் சொல்வார், மிருதங்கக்காரர் மானிட்டர் கேட்கவில்லை என்பார், நடுவில் ஒரு வீறிடல். இடது பக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்குப் பாட்டைவிட மிருதங்கம்தான் கேட்கும். கிட்டப்பா காலத்து நேரடி இசை வேறு, இது வேறு. மைக் வந்த நாளிலிருந்து கச்சேரியும் பாதி மின்சாரத்தில்தான் நடக்கிறது. ஸ்பீக்கர் வழியாக வருவது இசையே ஆகாது என்றால், கச்சேரிக்கும் அந்தத் தீர்ப்புதான் வரும்.

நடுவர் அவர்களே, நான் மனசாரப் பேச வந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. திரும்பக் கேட்பது.

நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் என்று எல்லோரும் சொல்வார்கள். கல்லூரிக் காலத்தில் ஒரு பழைய பதிவு என் கைக்கு வந்தது. முதல் தடவை கேட்டபோது எனக்கு எதுவும் புரியவில்லை. நாயனச் சத்தம் கேட்டது, பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு இசைப் பயிற்சி கிடையாது. வீட்டில் பாடுகிறவர்களும் இல்லை. ஆனால் பதிவு கையில் இருந்ததால் மறுபடி கேட்டேன். காலையில் சமைக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, மழை நாளில் சும்மா படுத்திருக்கும்போது. ஒரு கட்டத்தில் ‘க’ என்கிற காந்தார சுரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பது காதுக்குப் பிடிபட்டது. அப்புறம் சில பிடிகளில், அதாவது சுரக் கோவைகளில், அவர் ‘ஸ’ என்கிற ஷட்ஜத்தையும் ‘ப’ என்கிற பஞ்சமத்தையும் தொடாமலே தாண்டிப் போவது தெரிந்தது. அப்படித் தாண்டும்போது ஏற்படும் ஏக்கமும், பிறகு மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்கும்போது கிடைக்கும் நிம்மதியும் தெரிந்தன. பெயரெல்லாம் பிறகுதான் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காது முன்னாலேயே கற்றுவிட்டது. எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அந்தச் சில நிமிடங்கள் திரும்பத் திரும்ப வந்து எடுத்தன.

அதே தோடியை ஒரு கச்சேரியில் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கத்து இருக்கைக்காரர் தலையாட்டியிருப்பார், நானும் கூட ஆட்டியிருப்பேன். மேடையில் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் ஒரு சங்கதி பறந்து போனால் போனதுதான். இன்னொரு தரம் பாடுங்கள் என்று வித்வானிடம் கேட்க முடியாது. தெரிந்தவர்களுக்கு அது விருந்து. தெரியாதவர்கள் வெளியே நிற்கிறார்கள், உள்ளே இருக்கையில் உட்கார்ந்தபடியே வெளியே நிற்கிறார்கள். நூலின் நயம் படிக்கப் படிக்கத்தான் கூடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு கவிதையை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுப் புத்தகத்தை எரித்துவிட்டால் எந்தப் பிள்ளைக்காவது கவிதை பிடிக்குமா?

பிறகு ஒரு மார்கழியில் கச்சேரிக்கு வந்தேன். வித்வான் தோடியை எடுத்தார். முதல் பிடியிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரணி நண்பர்கள் உடனே, பார்த்தீர்களா நேரடி இசையின் சக்தியை என்பார்கள். இல்லை ஐயா. அந்த மாலையை எனக்கு இன்பமாக ஆக்கியது பல மாதங்கள் என்னோடு இருந்த அந்தப் பதிவு. இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கட்டும். கச்சேரியில் பாடகர் ஒரு கீர்த்தனையைத் தொடங்கியதும் முகம் மலர்கிறோமே, அது ஏற்கனவே எங்கேயோ கேட்டுக் கேட்டு நமக்குச் சொந்தமான பாட்டு என்பதால்தானே? முன்பின் கேட்காத பாட்டுக்கு அந்த மலர்ச்சி வருகிறதா? எங்கே கேட்டுக் கேட்டு வந்தது? ரேடியோவில், கேசட்டில், யூடியூபில்.

ரசிகர்களுக்கு மட்டும் இல்லை, பாடுகிறவர்களுக்கும் இதுதான் நிலைமை. இன்று இசை படிக்கும் எந்த மாணவரையும் கேளுங்கள். ஒரு பழைய வித்வானின் சங்கதியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, எழுதி வைத்துக்கொள்வார். மியூசிக் அகாடமியின் வளாகத்திலேயே பழைய பதிவுகளை உட்கார்ந்து கேட்க ஒரு டிஜிட்டல் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இசைத்தட்டுகளையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். நேரடி இசைக்குத் தலைமைப் பீடம் என்று நாம் நினைக்கும் அகாடமியே பதிவுகளைக் காப்பாற்ற இடம் ஒதுக்கியிருக்கிறது.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். தமிழர்களில் பெரும்பாலானவர்களின் இசை அதுதான். அதை விட்டுவிட்டு இந்தத் தலைப்பில் தீர்ப்பு சொன்னால் அது நியாயமாக இருக்காது. கர்நாடக இசையில் மேடை முதலில், பதிவு பிறகு. சினிமாப் பாட்டில் தலைகீழ். அங்கே பதிவுதான் மூலம். கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் வயலின் கூட்டம், புல்லாங்குழல், தபேலா, கிடார், பாடகர் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிப் பதிந்த காலம் இருந்தது. யாராவது ஒருவர் ஓரிடத்தில் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அந்த உழைப்பு எந்த மேடைக் கச்சேரிக்குக் குறைந்தது? பிறகு கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டிய ஸ்டூடியோவில் ஏ.ஆர்.ரகுமான் அடுக்கடுக்காகப் பதிந்து உருவாக்கிய ஒலி 1992-ல் வெளிவந்தபோது, அப்படி ஒரு சத்தத்தைத் தமிழ்நாடு அதற்கு முன் கேட்டதில்லை. அதை எந்த மேடையிலும் முதலில் கேட்டிருக்கவே முடியாது. அது ஸ்டூடியோவில் மட்டுமே பிறக்கக்கூடியது.

அதே பாட்டை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் மேடை போட்டுப் பாடும்போது கூட்டம் எதற்காகக் காத்திருக்கிறது? தட்டில் கேட்டது அப்படியே வருமா என்பதற்காக. அப்படியே வந்தால் கைதட்டுகிறார்கள். கொஞ்சம் மாறினால், ஒரிஜினல் மாதிரி இல்லையே என்கிறார்கள். ஒரிஜினல் என்று மக்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள் நடுவர் அவர்களே.

பெரிய மைதான நிகழ்ச்சிகளைப் பற்றி ஒன்றே ஒன்று. 2023 செப்டம்பர் 10 அன்று ஈசிஆரில் பனையூர்ப் பக்கம் நடந்த இசை நிகழ்ச்சியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் எத்தனையோ பேர் திரும்பினார்கள். ஒரு மோசமான நாளை வைத்து நேரடி இசையையே குறை சொல்வது நியாயமில்லை, அதனால் அதை என் வாதமாக வைக்கவில்லை. ஆனால் காசு கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்ற அந்தத் தகப்பன் வீட்டுக்குப் போனதும், அந்தப் பாட்டைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டியிருப்பார் இல்லையா?

மூன்றாவது கருத்து, சேர்ந்து கேட்பது. பதிவு இசை என்றால் தனியாக ஹெட்போனில் கேட்பது என்று எதிரணிச் சகோதரி எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் வர வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி, எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வேப்பிலைத் தோரணம், கூழ்ப் பானை, கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அதில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. அந்தக் குரல் எழும்பும்போது தெருவே எழும்பும். பானை தூக்கி வரும் பெண்களின் நடை மாறும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஆடுவார்கள். ஆயிரம் பேர் ‘ஆஹா’ சொல்வதைப் பற்றிப் பேசினீர்களே, இங்கே ஆயிரம் பேர் சாமி ஆடுகிறார்கள், பதிவு செய்த பாட்டுக்கு.

நாகூர் ஹனிபாவின் குரலைக் கேட்காத தமிழ்க் காது உண்டா? தர்காவின் கந்தூரியிலும் கேட்டிருக்கிறோம், கட்சிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் மைதானத்திலும் கேட்டிருக்கிறோம். அவரை நேரில் கேட்டவர்கள் பல ஆயிரம் பேர் இருப்பார்கள். தட்டிலும் கேசட்டிலும் கேட்டவர்களுக்குக் கணக்கே கிடையாது. விடிந்தால் சூலமங்கலம் சகோதரிகள், எம்.எஸ்.சுப்புலட்சுமி 1963-ல் பதிவு செய்த சுப்ரபாதம். எத்தனை வீட்டுச் சமையலறைகளில், எத்தனை டீக்கடைகளில்! இந்த ஊர் கண் விழிப்பதே பதிவு செய்த குரலில்தான். கோயிலுக்குள் வர முடியாதவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், எல்லோருக்கும் அது போய்ச் சேருகிறது.

கேசட் காலத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்கிறேன், அனுமதியுங்கள். ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டை வரிசையாக எழுதி, ஒரு டிடிகே காலிக் கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுப்போம். ரெண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்று யோசித்து யோசித்து எழுதிய அந்தத் தாளில் ரசனை இருந்தது. கேட்கிறவர் தன் கச்சேரியைத் தானே அமைத்துக்கொண்டார். அதுவரை அந்த அதிகாரம் சபாச் செயலாளர்களிடமும் வித்வான்களிடமும் மட்டும்தான் இருந்தது. வடசென்னையின் கானாவும் அந்த நாடாவில்தான் தெருத் தெருவாகப் போனது. சாவு வீட்டிலும் தெரு முனையிலும் பாடிய பாட்டைச் சபா மேடை ஏற்பதற்கு வெகுகாலம் முன்பே கேசட் ஏற்றுக்கொண்டது. 2020 டிசம்பரில் மார்கழியில் மக்களிசை என்று கானாவுக்கும் பறைக்கும் மேடை அமைத்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மேடைக்கு முன்னால் கேசட்டைப் பாதுகாத்து வைத்திருந்தவர்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் அந்தச் சந்தோஷம்.

அதே 2020 மார்கழியைச் சொல்லாமல் போக முடியாது. கொரோனா. பல அரங்குகள் பூட்டிக் கிடந்தன. மியூசிக் அகாடமி உட்படப் பல சபாக்கள் சீசனை இணையத்தில் நடத்தின. ரசிகர்கள் இல்லாத அரங்கில் வித்வான்கள் பாடினார்கள், கேமராவும் மைக்கும் மட்டும் கேட்டன, நாம் வீட்டில் கேட்டோம். ஒரு சீசன்கூட விடாமல் காப்பாற்றியது பதிவுதான். அந்த வருடம்தான் என் அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக மார்கழிக் கச்சேரிகளைத் தொடர்ந்து கேட்டார். முட்டி வலி, படி ஏற முடியாது. அரங்கம் திறந்திருந்த வருடங்களில் அவருக்குக் கச்சேரி மூடியே இருந்தது.

நடுவர் அவர்களே, நேரம் குறைவு என்று சைகை செய்கிறீர்கள். பாரதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பாரதி தன் பாட்டைத் தானே பாடுவார். பல பாடல்களுக்கு ராகமும் தாளமும் குறித்து வெளியிட்டிருக்கிறார். திருவல்லிக்கேணிக் கடற்கரைக் கூட்டங்களில் அவர் பாடியதை, அந்தக் குரலின் வேகத்தை, கேட்டவர்கள் சிலிர்த்துப்போய் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான் அந்தக் கடற்கரை. 1921 செப்டம்பரில், 38 வயதில், அதே திருவல்லிக்கேணியில் அவர் உயிர் போனது. அப்போது கிராமபோன் இந்த ஊருக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. கடைகளில் தட்டு விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் பாரதியைக் குரலைப் பதியும் அந்தக் கொம்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருடைய குரல் நம்மிடம் இல்லை. மூன்று நிமிடம் இல்லை, ஒரு வரி இல்லை.

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், ‘மிஸ், பாரதியார் வாய்ஸ் யூடியூபில் இருக்கா?’ என்று. இல்லை என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். கடற்கரையில் அன்று நின்ற சில நூறு பேர் முழு இன்பத்தையும் அனுபவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அது நேரடி இசை. கோடிக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கு அதோடு முடிந்துவிட்டது. இரைச்சல் நிறைந்த, பாதி உடைந்த ஒரு அரக்குத் தட்டு மட்டும் கிடைத்தால், இந்த மார்கழியின் எல்லாக் கச்சேரிகளையும் விட்டுவிட்டு அதன் முன்னால் போய் உட்காருவேன். எதிரணி நண்பர்களும் என்னோடு வருவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். அவருடைய அணித் தலைவர் இன்று தன் உரையின் நடுவில் மதுரை மணி ஐயரின், தாளத்தோடு இயல்பாக ஓடும் ஸர்வலகு ஸ்வரங்களைப் பற்றிச் சொன்னார். அது எப்படி நீரோட்டமாக வரும், எந்த இடத்தில் குரல் குழையும், எங்கே சிரிக்கிற மாதிரி வந்து விழும் என்று பாடியே காட்டினார். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். மதுரை மணி ஐயர் காலமானது 1968-ல். தலைவர் பிறந்தது அதற்குப் பிறகு என்று அறிமுகத்தில் அவரே சொன்னார். மணி ஐயரை அவர் எந்தச் சபாவில், எந்த வரிசையில் உட்கார்ந்து கேட்டார் என்பதை மட்டும் அடுத்து வருபவர் இந்த அவைக்குச் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.